கணக்கில் வந்த தொகை எந்தத் திட்டத்தின் காசு?

"போன மாசம் ஆயிரத்து அறுநூறு வந்துச்சு, இந்த மாசம் ஆயிரம்தான் வந்திருக்கு. ஏன் குறைச்சிட்டாங்க?" வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்கும் பெரியவர்கள் சிங்கப்பூரில் நிறைய. பக்கத்தில் நிற்கும் மகனுக்கோ மகளுக்கோ சட்டென்று பதில் சொல்ல வருவதில்லை. யாரும் எதையும் குறைத்திருக்கவே மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பணம் போன மாதம் வந்திருக்கும், இந்த மாதம் அதற்கு முறை இல்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு மாத உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலும் உடற்குறைக்கென்று தனிப்பட்ட உதவித்தொகை உண்டு. அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் "உங்க ஊர்ல அம்மாவுக்கு மாசம் எவ்வளவு தர்றாங்க?" என்று கேட்டால், சிங்கப்பூர்க்காரரால் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. உடற்குறையுள்ளோருக்கு மாதம் இவ்வளவு, வருமானம் குறைந்தவருக்கு மாதம் இவ்வளவு என்று இங்கே பொதுத் தொகை ஏதும் கிடையாது. வெவ்வேறு அமைப்புகள், வெவ்வேறு காரணங்களுக்காக, வெவ்வேறு நாட்களில் போடும் பணம் கணக்கில் வந்து கலக்கிறது. அதனால் மொத்தத் தொகையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. அதில் எது காப்புறுதிப் பணம், எது சொந்தச் சேமிப்பு, எது வருமானம் பார்த்துத் தரும் உதவி, எது சம்பளத்தின் மேல் வரும் கூடுதல் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த நான்கும் நான்கு விதமாகக் கூடும், நான்கு விதமாகக் குறையும்.

காப்புறுதி: எந்த ஆண்டில் கோரினீர்கள்?

கடுமையான உடற்குறை ஏற்பட்டவருக்கு வரும் மாதத் தொகை பெரும்பாலும் காப்புறுதியிலிருந்து வருவது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, வீட்டுக்குள் நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றைப் பிறர் உதவியில்லாமல் செய்ய முடியாவிட்டால் அது கடுமையான உடற்குறை. அங்கீகாரம் பெற்ற மருத்துவர் சோதித்துச் சான்று தர வேண்டும். அதற்குக் கட்டணம் மருந்தகத்தில் 100 வெள்ளி, வீட்டுக்கு வந்து பார்த்தால் 250 வெள்ளி. முதல் சோதனைக்கு அந்தக் கட்டணம் கிடையாது.

இந்தக் காப்புறுதியில் பழையது எல்டர்ஷீல்டு. 2002ல் தொடங்கியது. அப்போது சேர்ந்தவர்களுக்கு மாதம் 300 வெள்ளி, அதிகபட்சம் 60 மாதங்கள். 2007ல் அது மாதம் 400 வெள்ளி, 72 மாதங்கள் என்று மாறியது. அதற்கு முன் சேர்ந்தவர்களில் சிலர் புதியதற்கு மாறிக்கொண்டார்கள், பலர் பழையதிலேயே இருந்துவிட்டார்கள். ஒரே புளோக்கில், ஒரே வயதில், ஒரே மாதிரி பக்கவாதம் வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு 300, இன்னொருவருக்கு 400 வருவது இதனால்தான். எதிர்வீட்டுக்காரருக்குக் கூட வருகிறதே என்று வருத்தப்படுவதில் பயன் இல்லை. இருபது வருடத்துக்கு முன் வந்த கடிதத்துக்கு யார் என்ன பதில் எழுதினார்கள் என்பதில் போய் நிற்கும் கதை அது.

எல்டர்ஷீல்டில் கவனிக்க வேண்டிய விஷயம் அந்த 60, 72 என்ற எண்கள். ஐந்து வருடம் ஒழுங்காக வந்த பணம் ஒருநாள் நின்றுபோகும். குடும்பம் பதறும். நோயாளியின் நிலைமை முன்னைவிட மோசமாகத்தான் இருக்கும், ஆனாலும் காப்புறுதிக்குக் கணக்கு முடிந்துவிட்டது. எனவே எல்டர்ஷீல்டு வாங்குபவர் வீட்டில் "மாதம் எவ்வளவு" என்பதைவிட "இன்னும் எத்தனை மாதம்" என்பதைத்தான் முதலில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். முடிவதற்கு முன்பே, எல்டர்ஃபண்ட் என்ற உதவி நம் நிலைக்குப் பொருந்துமா என்று விசாரிக்கலாம். குறைந்த வருமானமும் சொற்ப மெடிசேவ் இருப்பும் (மத்திய சேமநிதி என்ற கட்டாயச் சேமிப்பில் மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் பணம்) உள்ள, கடுமையான உடற்குறை கொண்ட, 30 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு அது மாதம் 250 வெள்ளி வரை தரும்.

இந்தக் கால வரம்பு பற்றிய குறை நீண்ட நாள் பேசப்பட்டது. அதற்கான பதிலாக 2020 அக்டோபரில் கேர்ஷீல்டு லைஃப் வந்தது. இதில் மாத எண்ணிக்கை கிடையாது. கடுமையான உடற்குறை இருக்கும்வரை, ஆயுள் முழுக்கவும்கூட, பணம் வரும். 1980லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 30 வயதானதும் தாமாகவே உள்ளே வருகிறார்கள். பிறவியிலேயே உடற்குறை இருந்தாலும் இடம் உண்டு. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு விருப்பம்தான், ஏற்கெனவே கடுமையான உடற்குறை வந்துவிட்டவர்கள் புதிதாகச் சேர முடியாது.

தொகையைச் சரிபார்க்கும்போது அதிகம் பேர் தடுமாறுவது கேர்ஷீல்டில்தான். 2020ல் மாதம் 600 வெள்ளி. அடுத்த ஐந்து ஆண்டுகள் ஆண்டுக்கு 2 விழுக்காடு கூடியது: 2021ல் 612, 2022ல் 624, இப்படியே போய் 2025ல் 662. 2026லிருந்து 2030 வரை ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அந்தக் கணக்கில் 2030ல் தொகை 800 வெள்ளியைத் தாண்டிவிடும். செய்தியைப் படித்ததும், ஏற்கெனவே பணம் வாங்கிக்கொண்டிருப்பவர் "அப்போ எனக்கும் கூடும்" என்று எதிர்பார்க்கிறார். கூடாது. கோரிக்கை ஏற்கப்பட்ட ஆண்டில் இருந்த தொகை அப்படியே நின்றுவிடும். 2022ல் கோரியவருக்கு 624, 2025ல் கோரியவருக்கு 662, கடைசிவரை அதே. விலைவாசி ஏற ஏற, நின்றுபோன அந்தத் தொகையின் மதிப்பு தேயும் என்பது என் மனத்தாங்கல். ஆனால் கணக்கில் தவறில்லை. 624 வருகிறதே, 662 அல்லவா வரவேண்டும் என்று தொலைபேசியில் சண்டை போட வேண்டாம்.

பணம் வாங்கத் தொடங்கிய பிறகு சந்தா கட்ட வேண்டியதில்லை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். தனியார் காப்புறுதி நிறுவனத்தில் இதற்கு மேல் கூடுதல் காப்புறுதி எடுத்திருந்தால் அந்தப் பணத்தைத் தனியே கோர வேண்டும். எடுத்ததையே மறந்துபோன குடும்பங்கள் உண்டு. மெடிசேவ் கணக்கு அறிக்கையில் ஆண்டுதோறும் ஏதாவது சந்தா பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சொந்தப் பணமும் உதவி மாதிரியே வரும்

மெடிசேவ் கேர் என்று ஒரு தொகை வருமே, அது அரசாங்கம் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது அவரவர் மெடிசேவில் அல்லது கணவன் மனைவியின் மெடிசேவில் இருக்கும் சொந்தப் பணம். கடுமையான உடற்குறை இருந்தால் மாதாமாதம் ரொக்கமாக எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள். எவ்வளவு எடுக்கலாம் என்பது இருப்பைப் பொறுத்தது. 20,000 வெள்ளியோ அதற்கு மேலோ இருந்தால் மாதம் 200. 15,000க்கு மேல் 150. 10,000க்கு மேல் 100. 5,000க்கு மேல் 50. ஐயாயிரத்துக்குக் கீழே போனால் ஒன்றும் எடுக்க முடியாது.

இந்தத் தொகை தானாகப் படியிறங்கும். பதினோராயிரம் இருப்பவர் மாதம் 100 எடுத்தால் ஆண்டுக்கு 1,200 போகும், 4 விழுக்காடு வட்டியாக 440 வெள்ளி போலச் சேரும். ஒன்றரை வருடத்துக்குள் இருப்பு பத்தாயிரத்தைத் தொட்டுவிடும், அதற்கிடையில் ஒரு மருத்துவமனைக் கட்டணம் வந்தால் இன்னும் சீக்கிரம். அப்புறம் 100 என்பது 50 ஆகும். கணவன் மனைவி இருவரின் கணக்கிலிருந்தும் எடுக்கலாம் என்பதால், எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்று யோசித்துச் செய்தால் கொஞ்சம் நாள் தள்ளலாம்.

வீட்டில் எத்தனை பேர்?

வருமானம் பார்த்துத் தரும் உதவிகளில்தான் குழப்பம் அதிகம், சச்சரவும் அதிகம். இவை எல்லாமே ஏறக்குறைய ஒரே கேள்வியில் தொடங்குகின்றன: குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை, அதே முகவரியில் இருக்கும் குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு? முகவரி என்பது அடையாள அட்டையில் இருக்கும் முகவரி.

சில்வர் சப்போர்ட் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2016ல் தொடங்கியது. உழைக்கும் காலத்தில் குறைவாகச் சம்பாதித்து, இப்போது கையில் அதிகம் இல்லாத 65 வயதைக் கடந்த குடிமக்களுக்கானது. 55 வயதுக்குள் மத்திய சேமநிதியில் சேர்ந்த மொத்தச் சந்தா 140,000 வெள்ளியைத் தாண்டியிருக்கக் கூடாது. வாழ்நாள் முழுக்க வீட்டைப் பார்த்துக்கொண்ட நம் அம்மாக்கள், பாட்டிமார்கள் பலர் இந்த வரையறைக்குள் வந்துவிடுவார்கள். விண்ணப்பிக்க வேண்டியதில்லை, மத்திய சேமநிதிக் கழகமே ஆண்டுதோறும் பார்த்து முடிவுசெய்கிறது. பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும்.

2025லிருந்து உள்ள தொகைகள் இவை. தலைக்கு வருமானம் 1,500 வெள்ளிக்குள் இருந்தால், ஓரறை ஈரறை வீட்டில் வசிப்பவருக்குக் காலாண்டுக்கு 1,080 வெள்ளி, மூவறை வீட்டுக்கு 860, நாலறைக்கு 650, ஐந்தறைக்கு 430. தலைக்கு 1,500க்கு மேல் 2,300 வரை என்றால் இதில் பாதி: 540, 430, 325, 215. அதற்கு மேல் போனால் கிடையாது. காம்கேர் என்ற சமூக உதவித் திட்டத்தில் நீண்டகால உதவி வாங்கும் மூத்தவருக்கு மட்டும் வீட்டு வகை பார்க்காமல் 430. ஓரறை வாடகை வீட்டில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு 1,080 வந்ததைப் பார்த்து ஆதங்கப்பட்டால், காரணம் பெரும்பாலும் இதுதான். ஆதங்கப்படுபவருக்கு நீண்டகால உதவி மாதாமாதம் தனியே வருகிறது.

சொந்தமாக வைத்திருப்பது வேறு, வசிப்பது வேறு என்பது இங்கே முக்கியம். மகனின் ஐந்தறை வீட்டில் வசிக்கும் தாய்க்கு சில்வர் சப்போர்ட் கிடைக்கலாம். அதே வீட்டின் பத்திரத்தில் தாயின் பெயரும் இருந்தால் கிடைக்காது. வீடு வாங்கும்போது "அம்மா பேரையும் சேர்ப்போம்" என்று பாசத்தில் சேர்த்த பிள்ளைகள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஈசூனில் நாலறை வீடு. 79 வயதுப் பாட்டி, மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேத்தி, உயர்நிலைப் பள்ளிப் பேரன். மகனும் மருமகளும் சேர்ந்து மாதம் 6,800 வெள்ளி. ஐந்தால் வகுத்தால் 1,360. பாட்டி பக்கவாதத்தால் படுத்த படுக்கை. எல்டர்ஷீல்டில் 300 வருகிறது. மெடிசேவ் கேரில் 100. இல்லப் பராமரிப்பு மானியம், அதாவது நிரந்தரமாகக் குறைந்தது மூன்று அன்றாடச் செயல்களுக்குப் பிறர் துணை தேவைப்படுவோரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கான தொகை, 2026 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 600 வெள்ளி. தலைக்கு வருமானம் குறைந்த பிரிவில் இருப்பதால் இவர்களுக்கு அந்த முழுத் தொகை. ஆக, சாதாரண மாதத்தில் ஆயிரம் வெள்ளி. சில்வர் சப்போர்ட் வரும் மாதத்தில் 650 சேர்ந்து 1,650. ஆகஸ்டில் பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டின் ரொக்கமும் சேர்ந்துகொள்ளும், அதற்குரிய வருமான, வீட்டு மதிப்பு வரம்புக்குள் இருந்தால் அது 850 வெள்ளி வரை. தொடக்கத்தில் சொன்ன "ஏன் குறைச்சிட்டாங்க" என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது.

இந்த ஆயிரமும் ஒரே கணக்குக்குப் போகும் என்றும் நினைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் யாருடைய கணக்கைக் குறிப்பிட்டார்களோ அங்கே போகும். காப்புறுதிப் பணம் பாட்டியின் கணக்கில், மானியம் மகனின் கணக்கில் என்று பிரிந்து போவது சாதாரணம். பாட்டி தன் கணக்கை மட்டும் பார்த்தால் 600 காணாமல் போனதாகத் தெரியும். அண்ணன் தம்பிகளுக்குள் "அம்மா காசை யார் எடுக்குறது?" என்று பேச்சு முற்றுவதற்கு இது ஒன்றே போதும்.

இப்போது பேத்திக்குக் கல்யாணம். அவள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், சட்டப்படி 28 நாட்களுக்குள் அடையாள அட்டையில் முகவரியை மாற்றுகிறாள். வீட்டில் யாருக்கும் ஒரு காசு சம்பளம் ஏறவில்லை. ஆனால் 6,800ஐ இப்போது நான்கால் வகுக்க வேண்டும்: 1,700. பாட்டி 1,500 என்ற கோட்டைத் தாண்டிவிட்டார். அடுத்த ஆண்டுப் பரிசீலனையில் சில்வர் சப்போர்ட் 650லிருந்து 325 ஆகும். இல்லப் பராமரிப்பு மானியமும் இறங்கக்கூடும். பேரன் படிப்பை முடித்து வேலைக்குப் போனாலும் இதே கதி. குடும்பத்தில் நல்லது நடக்கும்போது உதவி சுருங்குவது பெரியவர்களுக்குப் புரிவதே இல்லை, தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். பேத்தி சம்பாதிக்காதவளாக இருந்தும் அவள் போனதால் தொகை குறைந்தது என்று எடுத்துச் சொன்னால்தான் மனம் ஆறுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேலைக்குப் போய்த் தனியே வசிக்கும் மகனின் அடையாள அட்டை முகவரி இன்னும் அம்மா வீட்டிலேயே கிடந்தால், அவன் சம்பளமும் அம்மாவின் குடும்ப வருமானக் கணக்கீட்டில் சேரும். தொகை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த முகவரியில் யார் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான்.

கையில் வராமலே மிச்சமாகும் பணமும் இருக்கிறது. பணிப்பெண்ணுக்கான மாதத் தீர்வை 300 வெள்ளி. முதியவரோ உடற்குறையுள்ளவரோ இருக்கும் தகுதியுள்ள குடும்பத்துக்கு 60 வெள்ளிதான். மாதம் 240 மிச்சம். முன்னோடித் தலைமுறை என்று அரசாங்கம் வகைப்படுத்தும் மூத்தவருக்கு உடற்குறை இருந்தால் மாதம் 100 வெள்ளி ரொக்கமாகத் தரும் தனித் திட்டமும் ஒன்று 2014லிருந்து இருக்கிறது. பலர் அதை மற்றதோடு சேர்த்தே எண்ணிவிடுகிறார்கள்.

காம்கேர்: கடிதத்தில் இருப்பதும் கணக்கில் வருவதும்

காம்கேர் 2005ல் ஏற்படுத்தப்பட்டது. வயோதிகம், நோய், உடற்குறை காரணமாக நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல், கைகொடுக்கக் குடும்பமும் இல்லாதவர்களுக்கு நீண்டகால உதவி. பழைய ஆட்கள் இதை இன்னும் பொது உதவி என்றுதான் சொல்வார்கள். இது வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து வரையறுத்த தொகை. தனியாளுக்கு 2022 ஆகஸ்டில் 600லிருந்து 640 வெள்ளி ஆனது, அதற்குப் பின்னும் உயர்த்தப்பட்டது. பலதுறை மருந்தகத்திலும் அரசாங்க மருத்துவமனையிலும் சிகிச்சைக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் இதை வாங்குவோர் நாடு முழுக்கச் சில ஆயிரம் குடும்பங்கள்தான்.

மற்றவர்களுக்குக் குறுகிய, நடுத்தர காலத்துக்கான உதவி. வேலை போனவர், நோயில் படுத்தவர், சிறு பிள்ளைகளோடு தனியே நிற்கும் தாய். இதற்கு நிலையான விலைப்பட்டியல் கிடையாது. சமூக சேவை அலுவலகத்தின் அதிகாரி வருமானம், செலவு, குடும்ப நிலைமை எல்லாவற்றையும் பார்த்து முடிவுசெய்வார். எனவே "அவங்களுக்கு எவ்வளவு கொடுத்தாங்க" என்று கேட்டு ஒப்பிட்டால் தலைவலிதான் மிஞ்சும். முடிவைத் தெரிவிக்கும் கடிதத்தில் தொகையும், எத்தனை மாதம் என்பதும் இருக்கும். சில மாதங்களுக்குத்தான் கொடுப்பார்கள், பிறகு மறுபடி பரிசீலனை. உதவியின் ஒரு பகுதி வாடகைக்கோ தண்ணீர், மின்சாரக் கட்டணத்துக்கோ போகலாம். அப்போது கடிதத்தில் உள்ள மொத்தமும் கணக்கில் விழும் ரொக்கமும் ஒத்துவராது. பணம் திடீரென்று நின்றால், பெரும்பாலும் அந்த மாதங்கள் முடிந்திருக்கும், புதுப்பிக்க வேண்டிய ஆவணம் ஏதோ போய்ச் சேராமல் இருக்கும்.

என்னைக் கேட்டால், இந்தப் புதுப்பித்தல்தான் ஏழைகளுக்கு மிகவும் அலுப்பான வேலை. சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, மருத்துவச் சான்று என்று ஒவ்வொரு தடவையும் திரட்ட வேண்டும். அன்றாடக் கூலி வாங்கும் ஆளுக்கு ஒரு நாள் அலுவலகத்தில் உட்கார்ந்தால் அன்றைய சம்பளம் போச்சு. உதவி உண்மையில் தேவைப்படுகிறதா என்று பார்க்க வேண்டியது நியாயம்தான். ஆனால் நடைபயணத்தையும் காத்திருப்பையும் யார் தலையில் வைக்கிறோம் என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

வேலை செய்பவருக்கு

உடற்குறையோடு வேலைக்குப் போகிறவருக்கும், குறைந்த சம்பளக்காரருக்கும் சம்பளத்தின் மேல் கூடுதலாக வருவது வோர்க்ஃபேர். 2007ல் வந்தது. இப்போது மாதச் சம்பளம் 500லிருந்து 3,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். 60 வயதானவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 4,900 வெள்ளி. உடற்குறையுள்ளவருக்கு வயது பார்க்காமல் அதே உச்ச வரம்பு. குறைந்தபட்சம் 500 என்ற விதியிலும் அவர்களுக்கு விலக்கு உண்டு. பகுதிநேரமாகப் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போய் நானூறு வெள்ளி வாங்கும் இளைஞருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் 4,900ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் நானூறு கையில் வரும் என்று கணக்குப் போடக்கூடாது. நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு 40 விழுக்காடு ரொக்கம், 60 விழுக்காடு மத்திய சேமநிதி. அதாவது உச்சத் தொகை கிடைத்தால்கூடக் கையில் 163 வெள்ளி, சேமநிதியில் 245 வெள்ளி. சொந்தத் தொழில் செய்பவருக்கு ரொக்கம் பத்து விழுக்காடுதான், மீதி மெடிசேவுக்குப் போய்விடும்.

பணம் வருவதும் தாமதமாகத்தான். ஜனவரியில் செய்த வேலைக்கு மார்ச் கடைசியில் வரும். டிசம்பரில் போனஸ் வந்து சம்பளம் மூவாயிரத்தைத் தாண்டினால், பிப்ரவரியில் வோர்க்ஃபேர் வராது. அதற்குள் போனஸ் செலவாகி, ஏன் வரவில்லை என்ற காரணமும் மறந்துபோயிருக்கும். முதலாளி சேமநிதிச் சந்தாவைக் கட்டாமல் விட்டாலும் வராது. சேமநிதிக் கணக்கைத் திறந்து அந்த மாதத்துச் சந்தா ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

எங்கே பார்ப்பது

காப்புறுதி, மெடிசேவ் கேர், எல்டர்ஃபண்ட், இல்லப் பராமரிப்பு மானியம் ஆகியவற்றின் விண்ணப்பங்களை ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு கவனிக்கிறது. அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக அதன் இணையச் சேவையில் நுழைந்து நிலவரம் பார்க்கலாம். தொலைபேசி எண் 1800-650-6060. சில்வர் சப்போர்ட், வோர்க்ஃபேர் இரண்டும் மத்திய சேமநிதிக் கழகத்திடம். காம்கேருக்குச் சமூக சேவை அலுவலகம், அல்லது 1800-222-0000. பொருள் சேவை வரிப் பற்றுச்சீட்டுப் போன்றவற்றுக்கு அரசாங்க அனுகூலங்களுக்கென்று தனி இணையத்தளம் உண்டு, அதற்கும் சிங்பாஸ் போதும். தமிழில் பேச வேண்டும் என்றால் தயங்காமல் கேட்கலாம், நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட நாடு இது.

வரவேண்டிய பணம் வரவில்லை என்றால் பேநவ் என்ற வங்கிப் பணமாற்றுச் சேவையின் இணைப்பைப் பாருங்கள். சில்வர் சப்போர்ட், வோர்க்ஃபேர், பற்றுச்சீட்டு ரொக்கம் எல்லாம் அடையாள அட்டை எண்ணோடு எந்த வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதோ அங்கே போகும். புதிதாக வேறு வங்கியில் கணக்குத் திறந்து, அங்கே இருந்த ஊழியர் சொன்னார் என்று இணைப்பை மாற்றியிருந்தால், பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும். பழைய கணக்கில் தேடிக்கொண்டிருப்போம். வங்கிக் கணக்கு விவரமே கொடுக்காதவர்களுக்குக் கவ்கேஷ் என்ற முறையில் ஓசிபிசி தானியங்கி இயந்திரத்தில் முகத்தைக் காட்டி எடுக்கும் வசதி இருக்கிறது.

2024 ஜூலையிலிருந்து அரசாங்க அமைப்புகளின் குறுஞ்செய்தி எல்லாம் ஒரே அனுப்புநர் பெயரில், "கவ் டாட் எஸ்ஜி" என்று வரும். "உங்கள் உதவித்தொகையைச் சரிபார்க்க இதை அழுத்துங்கள்" என்று வேறு எண்ணிலிருந்தோ வாட்ஸ்அப்பிலோ வந்தால் தொடவே வேண்டாம். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணில் கேட்கலாம்.

பெற்றோருக்காகப் பிள்ளைகள் பார்ப்பது தனிப் பிரச்சினை. அம்மாவின் சிங்பாஸ் மறைச்சொல்லை மகன் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது, ஆனால் அது சரியான வழி அல்ல. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரே நுழைந்து பார்க்கட்டும், செயலியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். கைப்பேசி பழக்கமில்லாதவர் அடையாள அட்டையோடு சமூக மன்றத்துக்குப் போனால், அங்கே இருக்கும் எஸ்ஜி டிஜிட்டல் சேவை முகப்பில் சொல்லித்தருவார்கள்.

நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டால் இந்த வழியும் அடைபட்டுவிடும். மனத்தெளிவு இருக்கும்போதே நிரந்தர அதிகாரப் பத்திரம் எழுதிவைத்திருந்தால், அதில் பெயர் உள்ளவர் பணத்தைக் கையாளலாம், அமைப்புகளோடு பேசலாம். எழுதாமல் விட்டால் குடும்பம் நீதிமன்றத்துக்குப் போய்ப் பொறுப்பாளராக நியமனம் வாங்க வேண்டியிருக்கும். அதற்குச் செலவும் ஆகும், மாதங்களும் ஆகும். அதுவரை அம்மாவின் வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருக்கும் பணத்தை அம்மாவின் டயப்பருக்குக்கூட எடுக்க வழி இருக்காது.